கை கழுவ ஒரு சிங்கம்

அக்டோபர் 11, வெள்ளி – ஹனோவர்

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் கோட்டை பார்ப்பார்கள், கார் மியூசியம் பார்ப்பார்கள். நான் போனது கிண்டி, அதாவது மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம், பார்க்க. "நாகர்கோவில்ல இல்லாத கிண்டியா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள். நான் தேடிப் போன கிண்டிக்கு நாலு கால் உண்டு, பிடரி உண்டு, சிலதுக்கு இறக்கையும் உண்டு.

அக்வாமனிலே என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில், அதிலும் முக்கியமாக வட ஜெர்மனியில், செம்புக் கலவையில் வார்த்த தண்ணீர்ப் பாத்திரங்கள். சிங்கம், குதிரை, சேவல், டிராகன், யூனிகார்ன், முன்பாதி கழுகும் பின்பாதி சிங்கமுமான கிரிஃபின், குதிரை மேல் வீரன் என்று பல உருவங்கள். இருப்பதில் சிங்கம்தான் அதிகம். உள்ளே தண்ணீர் நிரப்பி, விருந்துக்கு வந்தவர் கை நீட்டியதும் சாய்த்து ஊற்றுவார்கள். கீழே தட்டு ஏந்துவார்கள். தேவாலயப் பூசையில் குரு கை கழுவுவதற்கும் இதுவே. அன்றைக்கு அங்கே ராஜாவும் கையால்தான் சாப்பிட்டார். சாப்பாட்டு மேசைக்கு முள்கரண்டி வந்து எல்லோருக்கும் பழக ரொம்பக் காலம் ஆயிற்று. அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கழுவுவது ஒரு சடங்காகவே நடந்தது.

தம்பி ஹனோவரில் கார் உதிரி பாகம் செய்யும் இடத்தில் இன்ஜினியர். மியூசியம் என்றாலே கொட்டாவி விடுகிறவன். வார்ப்பு வேலை என்று சொன்னதும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட வருவதாக ஒப்புக்கொண்டான்.

இரவு வெளியே சாப்பிடப் போனோம். குழாய்த் தண்ணீர் கேட்டேன். பரிமாறிய பெண் என்னைப் பார்த்தாள், அப்புறம் தம்பியைப் பார்த்தாள். "அக்கா, இங்க அப்படிக் கேக்கக் கூடாது" என்றான். கால் லிட்டர் பாட்டில் தண்ணீர் 3 யூரோ 20 சென்ட் ஆனது. அதுவும் சோடா மாதிரி பொங்கும் தண்ணீர். பக்கத்து மேசைக்காரர் அரை லிட்டர் பீருக்குக் கொடுத்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடைக்கு ஆப்பிள் கூழ் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். கேட்டால் பொருந்தாத ஜோடி மாதிரி இருக்கும். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12, சனி – ஹில்டெஸ்ஹெய்ம்

ஹனோவரிலிருந்து அரை மணி நேர ரயில். தூறல். இந்த ஊர்த் தூறலுக்குக் குடை பிடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குள் நனைந்துவிடுகிறோம். ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் கார்டு வாங்க மாட்டோம், காசுதான் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சில்லறை எங்கள் இருவரிடமும் இல்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் பேசாமல் 5 யூரோ தாளைக் கல்லாவில் வைத்துவிட்டார். தம்பி செல்போனை நீட்டி, பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டான். அவர் கையை ஆட்டிவிட்டுத் தன் ரொட்டிப் பையோடு மழைக்குள் போய்விட்டார். ஜெர்மன்காரர்கள் கறார் என்று சொல்கிறவர்கள் இந்தப் பேக்கரி வரிசையில் நிற்கவில்லை போலும்.

ஹில்டெஸ்ஹெய்முக்கு வருகிறவர்கள் கதீட்ரலில் முதலில் பார்ப்பது பெர்ன்வார்டு ஆயரின் வெண்கலக் கதவுகளை. 1015 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. ஒவ்வொரு கதவும் ஏறக்குறைய 4.7 மீட்டர் உயரம். தனித்தனிப் பலகையாகச் செய்து பொருத்தியவை அல்ல. சிற்பங்களோடு சேர்த்து முழுக் கதவையும் ஒரே வார்ப்பில் எடுத்திருக்கிறார்கள். தம்பி அங்கேயே நின்றுவிட்டான். "ஒரே ஊத்துலயா? இன்னைக்கு எங்க ஆளுங்ககிட்ட குடுத்தாலே யோசிப்பாங்க அக்கா."

எனக்குப் பிடித்தது இடது கதவில் ஒரு கட்டம். கனியைத் தின்ற பிறகு கடவுள் விசாரிக்கிறார். அவர் விரல் ஆதாமை நோக்கி. ஆதாமின் கை ஏவாளை நோக்கி. ஏவாளின் கை தரையைப் பார்த்து. தரையில் கிடப்பது பாம்பில்லை, ஒரு சின்ன டிராகன். பழியைக் கை மாற்றிவிடுவதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு சுருக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குட்டி டிராகனின் உறவினர்கள்தான் இருநூறு வருஷம் கழித்து கை கழுவும் பாத்திரங்களுக்குக் கைப்பிடியாக வந்தார்கள்.

சனிக்கிழமை என்பதால் உள்ளே ஒரு கல்யாணம். முடியும் வரை காத்திருந்தோம். கல்யாண வீட்டார் வெளியே வரும்போது ஒரு பாட்டி எங்களுக்கும் ஒரு தட்டு பிஸ்கட் நீட்டினார். பெண்ணைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் ஞானஸ்நானத் தொட்டி. 1225-ஐ ஒட்டிய காலத்தது, முழுக்க வெண்கலம். நாலு ஆண்கள் முழங்காலிட்டு அதைத் தாங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடம், அதிலிருந்து தண்ணீர் வழிகிறது. சொர்க்கத்தின் நாலு ஆறுகளாம்: பீசோன், கீகோன், டைகிரிஸ், யூப்ரடிஸ். மேலே இயேசுவின் ஞானஸ்நானம், செங்கடலைக் கடப்பது, யோர்தானைக் கடப்பது என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர். இதை வார்த்த ஊர்ப் பட்டறைகளிலிருந்துதான் மிருக வடிவப் பாத்திரங்களும் போயின. பெரிய வேலைக்கும் சின்ன வேலைக்கும் கை ஒன்றுதான்.

இந்த ஊரில் ஏன் இவ்வளவு உலோகம்? தெற்கே ஹார்ட்ஸ் மலை பக்கத்திலேயே இருக்கிறது. கோஸ்லார் ஊரின் ராமெல்ஸ்பெர்க் சுரங்கத்தில் செம்பு, ஈயம், வெள்ளி எல்லாம் கிடைத்தன. ஆயிரம் வருஷத்துக்கு மேல் தோண்டி 1988-இல்தான் மூடினார்கள். மலை பக்கத்தில், ஆயர்கள் பணக்காரர்கள், ஆர்டர் கொடுக்க மடங்கள். வேறென்ன வேண்டும்?

கதீட்ரலை ஒட்டிய மியூசியத்தில்தான் நான் தேடி வந்த சிங்கம். முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா! மேசைமேல் வைக்கிற அளவு. பிடரி முடி சுருள் சுருளாக, முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். சிங்கத்தை நேரில் பார்க்காதவர்கள் செய்த சிங்கம் இது. புத்தகத்தில் படித்தும், தேவாலயத் தூணில் பார்த்தும் செய்திருப்பார்கள். அவர்கள் படித்த மிருகக் கதைகளின்படி சிங்கக்குட்டி செத்துத்தான் பிறக்கும். மூன்றாம் நாள் அப்பா சிங்கம் வந்து முகத்தில் ஊத, உயிர் வரும். கிறிஸ்து உயிர்த்தெழுந்ததற்கு இதை அடையாளமாகச் சொல்வார்கள். ஆகவே பூசை மேடையில் சிங்கம் நிற்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

நான் எல்லா மிருகத்திலும் தேடுவது இரண்டு ஓட்டைகளை: தண்ணீர் உள்ளே போகும் வழி எது, வெளியே வரும் வழி எது. சிங்கங்களில் பெரும்பாலும் தலை உச்சியில் ஒரு சின்ன மூடி, வாயில் குழாய். முதுகிலிருந்து கழுத்துக்கு வளைகிற கைப்பிடியில் பல தடவை ஒரு டிராகனோ பல்லியோ சிங்கத்தின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். சாய்த்தால், கையில் நன்மையும் தீமையும் சண்டை போட, வாயிலிருந்து தண்ணீர் வரும். சாப்பாட்டு மேசைக்குக் கொஞ்சம் அதிகப்படியான நாடகம்தான்.

தம்பி கண்ணாடியில் மூக்கை ஒட்டி வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தான். "இங்க பாரு அக்கா." விலாவில் ஒரு சின்னச் சதுர ஒட்டு. பிறகுதான் விளக்கினான். களிமண்ணால் உள்ளுருவம் செய்து, அதன்மேல் மெழுகு போர்த்தி, மெழுகில் பிடரியும் நகமும் செதுக்கி, வெளியே மறுபடி களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடைவெளியில் உலோகத்தை ஊற்றுவார்கள். இடையில் மெழுகே இல்லாதபோது உள்ளுருவம் நகராமல் நிற்க வேண்டுமே! அதற்காகக் குறுக்கே ஆணிகள். வேலை முடிந்ததும் ஆணியைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, ஓட்டைகளை அடைப்பார்கள். அந்த அடைப்பைத்தான் அவன் கண்டுபிடித்தது. சுவாமிமலையில் சாமி சிலை செய்வதும் மெழுகு வார்ப்புதான், ஆனால் அங்கே உள்ளே கனமாக வார்ப்பார்கள். இங்கே தண்ணீர் நிற்க வேண்டுமே, அதனால் உள்ளே வெற்றிடம், சுவரும் மெல்லிசாக. ஆணி சற்று அசைந்தால் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் ஓட்டையாகிவிடும். பத்து நிமிஷம் நின்று பேசினான். காவலர் பெண் கிட்டே வந்து, அவரும் கேட்டுவிட்டுப் போனார்.

மாலை கதீட்ரலின் பின்சுவரில் படர்ந்திருக்கும் ரோஜாவைப் பார்த்தோம். ஆயிரம் வருஷத்து ரோஜா என்பது ஊர் நம்பிக்கை. அக்டோபரில் பூ இல்லை, இலையும் சிவப்புக் காய்களும். 1945 மார்ச் 22 குண்டுவீச்சில் ஊரோடு கதீட்ரலும் எரிந்தது, செடியும் எரிந்தது, வேர் மறுபடி துளிர்த்தது. வெண்கலக் கதவுகளை முன்பே கழற்றி எடுத்துப் பாதுகாத்திருந்தார்கள், தப்பின. சந்தையில் நிற்கும் பெரிய மரச்சட்ட வீடு அப்படித் தப்பவில்லை, 1980-களின் கடைசியில் திரும்பக் கட்டியது. தெரியாமல் பார்த்தால் 500 வருஷத்து வீடு என்றே நினைப்போம்.

அக்டோபர் 13, ஞாயிறு – பிரவுன்ஷ்வைக்

இன்று எல்லாம் தாமதம். முதல் ரயில் வரவே இல்லை. இரண்டாவது ரயில் ஒரு வயல் நடுவே நின்று யோசித்தது. போய்ச் சேர்ந்தபோது டாங்க்வார்டரோடே கோட்டைக்குள் போகிற நேரம் முடிந்திருந்தது. இந்த ஊரின் பெரிய வெண்கலச் சிங்கத்தின் அசல் உள்ளேதான் இருக்கிறது. சதுக்கத்தில் தூண்மேல் நிற்பது நகல்.

நகலும் நன்றாகவே இருக்கிறது. ஹென்றி என்ற பிரபு, 'சிங்கம்' என்று பட்டப்பெயர் கொண்டவர், 1166 வாக்கில் இதை நிறுத்தினார். அசல் 1.78 மீட்டர் உயரம், 880 கிலோ. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே தனியாக நின்ற முதல் பெரிய வெண்கலச் சிலை. உள்ளே வெற்றிடம்தான், வார்த்த முறையும் நேற்றைய சிங்கத்தோடு ஒன்றுதான். தம்பி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இதுல தண்ணி ஊத்தினா ஊரே கை கழுவலாம்" என்றான். தமிழ் புரியாத ஒரு சின்னப் பையன் அவன் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தான்.

ஞாயிறு என்பதால் கடைகள் எல்லாம் பூட்டு. திறந்திருந்தது ஒரு துருக்கிக்காரர் கடை. பருப்பு சூப், எலுமிச்சை, சுடச்சுட ரொட்டி, 5 யூரோ 50. நாங்கள் ரொட்டியைக் கையால் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்த கடைக்காரர் கேட்காமலே இன்னொரு ரொட்டி வைத்தார், காசு வாங்கவில்லை. ஸ்டேஷனில் கழிவறைக்கு 1 யூரோ. காலி பிளாஸ்டிக் பாட்டில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஆக, நாலு பாட்டிலுக்கு ஒரு கழிவறை. தம்பி இந்தக் கணக்கை ரசிக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள் – ரயிலில், நியூரம்பெர்க் வரை

தம்பி வேலைக்குப் போய்விட்டான். தம்பி மனைவி புளியோதரையும் உருளைக்கிழங்கு பொடிமாஸும் கட்டிக் கொடுத்தாள். மூன்று மணி நேரப் பயணம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது.

சாப்பிடும் முன் போனில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன், நேரில் பார்க்க வாய்ப்பில்லாத பாத்திரங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் 1400 வாக்கில் செய்த ஒன்று: கிழட்டு அரிஸ்டாட்டில் நாலு காலில் தவழ, முதுகில் ஃபில்லிஸ் என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். அலெக்சாண்டருக்குப் பெண் மோகம் கூடாது என்று உபதேசம் செய்த குருவையே அவள் மயக்கி, குதிரையாக்கி ஓட்டினாள் என்று இடைக்காலத்தில் ஒரு கதை உலவியது. சரித்திரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் கை நீட்டியதும் இந்தக் கிழவரைச் சாய்த்து ஊற்றுவார்கள். விருந்தில் அது எத்தனை பேச்சைக் கிளப்பியிருக்கும்!

அதே மியூசியத்தின் கிளாய்ஸ்டர்ஸ் கிளையில் 1200-ஐ ஒட்டிய ஒரு டிராகன் இருக்கிறது, வட ஜெர்மனியில் செய்தது. முன்னால் இரண்டு கால், பின்னால் ஊன்றியிருப்பது இறக்கையின் நுனி. வால் வழியே தண்ணீர் நிரப்ப வேண்டும். பல்லுக்கிடையே முக்காடு போட்ட ஒரு குட்டி மனிதன், அவனுக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். விழுங்கப்படுகிற ஆளுக்கு அடியில் விருந்தாளி கை கழுவ வேண்டும். இதை நினைத்துச் செய்தவனைச் சந்தித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் இந்தப் பழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியதல்ல. இஸ்லாமிய நாடுகளில் முன்பே இருந்தது. பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் கழுகு வடிவில் ஒன்று, அதில் ஹிஜ்ரி 180 என்று ஆண்டு, அதாவது 796-97. அங்கேயே 1206-ஐச் சேர்ந்த ஈரானிய மாடு ஒன்றும் உண்டு. திமில் உள்ள மாடு! கன்று மடியில் பால் குடிக்கிறது. முதுகில் ஏறிய ஒரு சின்னச் சிங்கம்தான் கைப்பிடி. மாடு, கன்று, சிங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் வார்த்தோம் என்று அதன்மேலேயே பெருமையாக எழுதியிருக்கிறார்கள். வியாபாரிகள், சிலுவைப் போர் வீரர்கள், பரிசுப் பொருட்கள் என்று மேற்கே நகர்ந்து வந்த பழக்கத்தை ஜெர்மன் பட்டறைகள் பிடித்துக்கொண்டன.

காசெல் தாண்டியதும் புளியோதரையைப் பிரித்தேன். வாசனைக்குப் பெட்டி முழுக்கத் தலை திரும்பியது, யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர் சீட்டு அம்மா, எழுபது இருக்கும், மஞ்சள் நிறம் எதனால் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மஞ்சள்தூள் என்றேன். ஒரு வாய் கேட்டு வாங்கி, கையாலேயே வாயில் போட்டார். "காரம்" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். சாப்பிட்டு எழுந்தால், எங்கள் பெட்டிக் கழிவறையில் பழுது என்று சீட்டு. அடுத்த பெட்டியிலும் அதே சீட்டு. விரலெல்லாம் எண்ணெயோடு வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஃபுல்டாவில் ரயில் நின்றது. கோளாறு, இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும் என்று அறிவிப்பு. இறங்கியதும் பிளாட்பாரத்து ஓரம் போய், இடது கையில் பாட்டிலைப் பிடித்து ஊற்றிப் பார்த்தேன். ஒரு கைதான் நனைந்தது, எண்ணெய் போகவில்லை. அந்த அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, சின்னத் தாரையாக ஊற்றினார். இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினேன். அப்புறம் அவர் கையை நீட்டினார், நான் ஊற்றினேன். ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவினால் எவ்வளவு சுலபம்! அவருக்கு வூர்ட்ஸ்பர்க் ரயில் முன்னால் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் ஒன்றரை மணி நேரம் தாமதமாக நியூரம்பெர்க் சேர்ந்தேன். எட்டு டிகிரி குளிர், காற்று வேறு.

அக்டோபர் 15, செவ்வாய் – நியூரம்பெர்க்

காலையில் ஜெர்மானிய தேசிய மியூசியம். 1852-இல் தொடங்கியது. பழைய கார்த்தூசியன் மடத்தைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. வெளியே தெருவில் வரிசையாக வெள்ளைத் தூண்கள், ஒவ்வொன்றிலும் மனித உரிமைப் பிரகடனத்தின் ஒரு பிரிவு, ஒவ்வொரு மொழியில். 1993-இல் டானி கராவன் என்ற இஸ்ரேலியச் சிற்பி அமைத்தது. மழையில் நனைந்துகொண்டே பாதித் தூண்கள் வரை படித்தேன்.

நியூரம்பெர்க்கின் கை வேறு. 1400-ஐ ஒட்டி இந்த வேலை ஹில்டெஸ்ஹெய்ம் பக்கத்திலிருந்து இங்கே நகர்ந்துவிட்டது. பித்தளை வார்ப்பவர்களைச் 'சிவப்புக் கொல்லர்கள்' என்று இங்கே அழைத்தார்கள், தனித் தொழிலாகவே இருந்தது. செம்போடு துத்தநாகத் தாதுவையும் கரியையும் சேர்த்துச் சுட்டால் பித்தளை கிடைக்கும். ஐரோப்பாவில் துத்தநாகத்தைத் தனியே எடுக்கத் தெரியாத காலம் அது. தாதுவிலிருந்து எழும் ஆவியையே செம்பு உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஊர்ச் சிங்கங்கள் ஹில்டெஸ்ஹெய்ம் சிங்கங்களைப் போலக் குட்டையாக, கொழுகொழு என்று இருப்பதில்லை. கால் நீளம், இடுப்பு ஒல்லி, நிற்கிற நிலையில் ஒரு மிடுக்கு. எனக்கு ஹில்டெஸ்ஹெய்ம்காரர்களையே பிடித்திருக்கிறது. இவை ஏதோ கொடியிலிருந்து இறங்கி வந்தவை மாதிரி, ரொம்ப ஒழுங்கு.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது ஃபுல்டா பிளாட்பாரம்தான் ஞாபகம் வந்தது. இந்தப் பாத்திரம் ஒரு ஆளுக்கானதே இல்லை. தன் கையில் தானே ஊற்றிக்கொள்ள இதால் முடியாது. கனம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஊற்றுகிறவன் ஒருவன், கழுவுகிறவர் இன்னொருவர், பல சமயம் தட்டு ஏந்த மூன்றாவது ஆள், துண்டு பிடிக்க நாலாவது. யார் யாருக்கு ஊற்றுகிறார்கள் என்பதில் அந்த வீட்டின் மரியாதை வரிசை முழுவதும் தெரிந்துவிடும். மியூசியங்கள் இதைத் தனியாக, பக்கவாட்டில் வெளிச்சம் போட்டு, சிற்பம் போல வைத்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு தட்டையாவது வைத்திருக்கலாம். ஓட்டை எங்கே என்று ஒரு படமாவது வரைந்திருக்கலாம். தூசி படாமல் காப்பாற்றுகிறார்கள், சரி. ஆனால் இது ஊற்றுகிற சாமான் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

15-ஆம் நூற்றாண்டு போகப் போக இந்த மிருகங்களுக்கு வேலை குறைந்தது. சுவரில் தொங்கவிடும் இரட்டைமூக்குப் பாத்திரம் வந்தது. அதன் அடியில் போய்த் தானே கழுவிக்கொள்ளலாம், ஆள் வேண்டாம். பழையவற்றில் எத்தனையோ உருக்கப்பட்டு வேறு சாமான் ஆகியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கத் தொடங்கியதும் போலிகள் கிளம்பின. இன்று உலோகக் கலவையைச் சோதித்து அவற்றில் பலவற்றைப் பிடிக்கிறார்கள்.

மதியம் ரொட்டிக்குள் மூன்று குட்டி சாசேஜ் வைத்துக் கொடுக்கும் கடைகளைத் தாண்டி செபால்டு தேவாலயத்துக்கு நடந்தேன். சாசேஜ் ஒவ்வொன்றும் விரல் நீளம், அதுதான் ஊர்ப் பெருமை. வாங்கினேன், 4 யூரோ, கடுகு இலவசம். தேவாலயத்துக்குள் பீட்டர் விஷரும் அவர் மகன்களும் 1508 முதல் 1519 வரை பித்தளையில் செய்த புனிதர் கல்லறை. பாரத்தை அடியில் தாங்குவதில் நத்தைகளும் உண்டு! குனிந்து எண்ணினேன், பன்னிரண்டு. தரையில் உட்கார்ந்து நத்தையைப் படம் எடுத்த என்னிடம் ஒரு ஊழியர் வந்தார், எழச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மறுபக்கம் எலி ஒன்றும் இருக்கிறது என்று சொல்லிக் காட்டினார்.

அக்டோபர் 16, புதன் – வியன்னா

நாலு மணி நேரத்துக்கு மேல் ரயில். இன்று பிரச்சினை ஏதும் இல்லை. அதைத்தவிர எழுத ஒன்றும் இல்லை. விடுதி அறை சின்னது, ஹீட்டர் வேகமானது. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன்.

அக்டோபர் 17, வியாழன் – வியன்னா

கலை வரலாற்று மியூசியம் வியாழக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். டிக்கெட் 20 யூரோவுக்கு மேல். வலிக்கத்தான் செய்தது. அதனால் மதியமே போய், மூடும்வரை இருப்பது என்று தீர்மானம்.

எல்லோரும் ஓடுவது செல்லினியின் தங்க உப்புக்கிண்ணத்தைப் பார்க்க. 1540-களில் பிரான்ஸ் ராஜாவுக்குச் செய்தது. 2003-இல் திருடுபோய், 2006-இல் காட்டில் புதைத்து வைத்த பெட்டியில் கிடைத்தது. அதுவும் சாப்பாட்டு மேசைச் சாமான்தான். அதைச் சுற்றி எப்போதும் பத்து பேர்.

கிரிஃபினைச் சுற்றி நான் மட்டும். 1120-30 வாக்கில் செய்தது, இந்த வகைப் பாத்திரங்களில் பழையவற்றுள் ஒன்று. ஒரு சாண்கூட உயரம் இல்லை. வெண்கலத்துக்குத் தங்க முலாம், இறகுகளில் வெள்ளியும் கருப்புக் கலவையும் பதித்து, அங்கங்கே சிவப்பு கார்னெட் கல். ஹில்டெஸ்ஹெய்ம் சிங்கம் பட்டறையில் பிறந்தது, இது நகைக்கடையில் பிறந்தது. கழுகு முகம், விறைத்த காது, சிங்க உடம்பு. யாரோ கூப்பிட்டதும் நிமிர்ந்த மாதிரி நிற்கிறது. முன்னால் நின்று பார்த்தால் இது பாத்திரம் என்றே தெரியாது. சுற்றிச் சுற்றி வந்தேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். மூன்றாம் சுற்றில் காவலர் எழுந்து வந்தார்.

"என்ன தேடுகிறீர்கள்?"

"தண்ணீர் எங்கே ஊற்றுவார்கள் என்று."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிரிஃபினையே பார்த்தார். "பதினோரு வருஷமாக இந்த அறைக்கு வருகிறேன்," என்றார், "கிண்ணத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள்." அப்புறம் அவரும் என்னோடு ஒரு சுற்று வந்தார்.

வெளியே வந்து ஒரு காபிக்கடை. பரிமாறுகிறவர் கோட்டு போட்டிருந்தார், சிரிக்க மறுத்தார். காபி 6 யூரோ 20. ஆனால் வெள்ளித் தட்டில் கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது, கேட்காமலே, காசில்லாமல். வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் ஊற்றுத் தண்ணீர் 1873 முதல் குழாயில் வருகிறது. அந்தப் பெருமையைத் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள். காலியானதும் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். ஹனோவர் கணக்குப்படி அதுவே காபிக் காசை ஈடு கட்டிவிட்டது.

தம்பி போன் செய்தான். கிரிஃபின் படம் பார்த்தானாம். "ஒட்டு எதுவும் தெரியுதா அக்கா?" என்றான்.

"தங்கம் பூசியிருக்குடா, எங்க தெரியும்?"

"பீட்டர்ஸ்பர்க் மாடு எப்போ?"

"முதல்ல ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வர்ற ரயில் ஒண்ணு கண்டுபிடி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.